பிரான்சில் பிள்ளைக்குக் கூட்டெழுத்துப் பழக்குவது: புதிதாக வந்த பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

பிரான்சுக்குப் புதிதாக வந்து பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தவர்கள், முதல் தடவை கொப்பியைத் திறக்கும்போது கொஞ்சம் திகைத்துத்தான் போவார்கள். பக்கம் நிறைய ஊதாக் கோடுகள். அவற்றின்மேல் கையெடுக்காமல் இழுத்து எழுதிய, வளையமும் கொக்கியுமான எழுத்து. ஊரில் ஓ.எல். பரீட்சையில் ஆங்கிலத்துக்கு நல்ல புள்ளி எடுத்தவருக்கே அதை வாசிக்க நேரம் பிடிக்கும். கூட்டெழுத்து இங்கே அழகுக்காகப் பழகும் கலை அல்ல. ஆறு வயதில் எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் எழுதுகிறார்கள். ஆசிரியை கரும்பலகையில் எழுதுவதும் அதே எழுத்தில்தான்.

வீட்டில் உதவ வேண்டும் என்று எல்லாப் பெற்றோரும் நினைக்கிறோம். உதவி எங்கே உபத்திரவமாக மாறுகிறது என்பதை எங்கள் வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் நிறையவே பார்த்தாயிற்று. பெரும்பாலான சிக்கல் பிள்ளையிடம் இல்லை. பள்ளியில் ஒரு எழுத்து, வீட்டில் வேறொரு எழுத்து என்று இரண்டைக் காட்டுவதில்தான் அது தொடங்குகிறது.

ஒரு சின்ன ஏற்பாடு: எழுத்துக்களை நமக்குப் பழகிய ஆங்கிலப் பெயராலேயே கீழே சொல்கிறேன். 'பி' இரண்டு இருப்பதால் தடி மேலே ஏறுவது மேல்தடி பி, கீழே இறங்குவது கீழ்த்தடி பி. 'டி' என்பது நாலாவது எழுத்து, 'ரீ' என்பது குறுக்குக்கோடு போடும் இருபதாவது எழுத்து.

1. மேரியில் (நகரசபையில்) பதிவு: பெயரைச் சரியாகக் கொடுங்கள்

2019 முதல் இங்கே மூன்று வயதிலிருந்தே கல்வி கட்டாயம். பிள்ளைக்கு மூன்று வயதாகும் ஆண்டின் செப்டெம்பரில் மத்தர்னெல் எனும் பாலர் பள்ளி, ஆறு வயதாகும் ஆண்டின் செப்டெம்பரில் சே-பே எனும் முதல் வகுப்பு. பதிவு பள்ளியில் அல்ல, மேரியில். அதுவும் செப்டெம்பருக்குப் பல மாதம் முன்பே தொடங்கிவிடும். திகதி ஊருக்கு ஊர் மாறும், ஆகவே ஜனவரியிலேயே போய்க் கேட்டு வையுங்கள். ஆண்டின் நடுவில் வந்து இறங்கியவர்கள் செப்டெம்பர்வரை காத்திருக்க வேண்டியதில்லை. எந்த மாதத்திலும் சேர்க்கலாம்.

கொண்டுபோக வேண்டியவை:

- பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், அல்லது குடும்பப் பதிவேடு இருந்தால் அது. ஊர்ச் சான்றிதழ் என்றால் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரின் பிரெஞ்சுப் பிரதி கையில் இருப்பது நல்லது.
- பெற்றோரின் அடையாளப் பத்திரம்.
- முகவரிச் சான்று: அண்மைய மின்சாரப் பட்டியல் அல்லது வாடகை ரசீது. உறவினர் வீட்டில் இருந்தால், உங்களைத் தன் வீட்டில் தங்கவைத்திருப்பதாக அவர் எழுதிக் கையெழுத்திட்ட கடிதம், அவருடைய அடையாள அட்டைப் பிரதி, அவர் பெயரில் உள்ள பட்டியல்.
- தடுப்பூசிப் பதிவு. 2018 முதல் பிறந்த பிள்ளைகளுக்கு 11 ஊசிகள் கட்டாயமாகின; 2025 முதல் சின்னக் குழந்தைகளுக்குப் பட்டியல் இன்னும் கூடியிருக்கிறது. ஏதாவது குறைந்தால் பயப்பட வேண்டாம். தற்காலிகமாகச் சேர்த்துக்கொண்டு, ஊசிகளைப் போட்டு முடிக்க மூன்று மாதம் தருவார்கள்.

பிள்ளையைச் சேர்க்க உங்கள் வதிவிட அட்டையைக் கேட்க மேரிக்கு உரிமை இல்லை. எங்களிடம் ஒரு கவுண்டரில் கேட்டார்கள். சட்டத்தில் அப்படி இல்லையே என்று பணிவாகச் சொன்னதும் உள்ளே போய் யாரையோ விசாரித்துவிட்டு வந்து பேசாமல் பதிந்தார்கள்.

பெயர் விஷயம் சின்னதாகத் தெரியும், ஆனால் எழுத்துப் பழக்கத்தோடு நேரே தொடர்புடையது. நமக்குக் குடும்பப் பெயர் வழக்கம் இல்லாததால் அப்பாவின் பெயரும் பிள்ளையின் பெயரும் படிவத்தில் இடம் மாறிவிடும். மத்தர்னெல்லில் பிள்ளை உடுப்பு மாட்டும் கொளுவியில் ஒட்டும் அட்டையிலிருந்து முதன்முதலாக எழுதிப் பழகும் சொல்வரை எல்லாமே 'ப்ரெநோம்' (சொந்தப் பெயர்) கட்டத்தில் இருக்கும் பெயர்தான். மாறிக் கொடுத்தால் பிள்ளை அப்பாவின் பெயரை எழுதிப் பழகிவிடும். சான்றிதழில் உள்ள எழுத்துக்கூட்டலையே எல்லா இடத்திலும் கொடுங்கள். வீட்டுப் பெயர் வீட்டோடு இருக்கட்டும்.

ஆறு வயது தாண்டி, பிரெஞ்சே தெரியாமல் வரும் பிள்ளைகளுக்கு யூ.பே.இ.2.ஆ எனும் தனி வகுப்பு உண்டு. எல்லாப் பள்ளியிலும் இல்லை, பதியும்போதே கேளுங்கள்.

2. எந்த வயதில் எது

மத்தர்னெல் மூன்று ஆண்டு. முதலில் பெயரைப் பெரிய அச்செழுத்தில் எழுதுவார்கள். மூன்றாம் ஆண்டான கிராந்த் செக்சியோனில் கூட்டெழுத்து தொடங்கும். அந்த ஆண்டு முடிவில் பிள்ளை தன் பெயரைப் பார்க்காமல் கூட்டெழுத்தில் எழுத வேண்டும், ஒரே எழுத்தின் மூன்று வடிவங்களையும் இனங்காண வேண்டும். சே-பே தொடங்கிய செப்டெம்பரிலேயே நாடு முழுவதும் ஒரு மதிப்பீடு நடக்கும். எழுத்தின் பெயர், ஒலி, வடிவம் மூன்றையும் அதில் பார்ப்பார்கள். அது பாஸ், ஃபெயில் சோதனை அல்ல. யாருக்கு எங்கே உதவி தேவை என்று பார்ப்பதற்காகத்தான்.

நான்கு வயதுப் பிள்ளையை உட்காரவைத்துக் கூட்டெழுத்து எழுத வைக்காதீர்கள். விரலுக்கு இன்னும் அந்த வலு வந்திருக்காது. பென்சிலை இறுக்கிப் பிடிக்கும் பழக்கம் அப்போதுதான் ஒட்டிக்கொள்ளும், பிறகு கழற்றுவது பெரும்பாடு. அந்த வயதில் ரொட்டி மாவை உருட்டட்டும், கத்தரிக்கோலால் கடுதாசி வெட்டட்டும், மணி கோர்க்கட்டும்.

3. எழுத்தின் பெயர்: நம் ஏ, பி, சி, டியை ஒதுக்கி வையுங்கள்

அதிகம் பேர் மாட்டிக்கொள்ளும் பொறி இதுதான். பிள்ளைக்கு எழுத்துத் தெரியவில்லை என்று ஆசிரியை சொல்வார். வீட்டில் பார்த்தால் பிள்ளை கடகடவென்று சொல்லும். அது சொல்வது ஆங்கிலப் பெயர்.

பிரெஞ்சில் தொடக்கம் 'ஆ, பே, ஸே, தே'. இதில் வெறுமனே ஒலி மாறினால் பரவாயில்லை, சில பெயர்கள் வேறு எழுத்தின்மேல் போய் உட்கார்ந்துவிடுகின்றன. நாம் 'ஜி' என்னும் எழுத்து இவர்களுக்கு 'ஜே', நம் 'ஜே' இவர்களுக்கு 'ஜி'. நாம் 'ஈ' என்று சொன்னால் பிரெஞ்சுக் காது அதை நம் 'ஐ' எழுத்தாகக் கேட்கும். 'ஏ' என்றால் தலையில் சாய்கோடு போட்ட 'ஈ' எழுத்தாக விளங்கிக்கொள்ளும். அப்பா 'ஜி' என்று சொல்லக் கேட்டு எழுதும் பிள்ளை வால் நீண்ட மற்ற எழுத்தை எழுதும். அது பள்ளியில் சரி, வீட்டில் பிழை. எதை நம்பும் பாவம்?

ஆகவே:

- பிரெஞ்சுப் பெயர்களை நீங்கள் முதலில் பழகுங்கள். 'எச்' இங்கே 'ஆஷ்', 'டபிள்யூ' இங்கே 'தூப்ல்-வே', 'வை' இங்கே 'ஈக்ரெக்'. அக்காவோ அண்ணாவோ ஏற்கெனவே இங்கே படித்தால் அவர்களையே சொல்லிக்கொடுக்க விடுங்கள்.
- பெயரோடு ஒலியையும் சொல்லுங்கள். வாசிக்க உதவுவது ஒலிதான்.
- ஊரிலிருந்து வந்த ஆங்கில அரிச்சுவடிப் பாட்டுக்களைச் சே-பே முடியும்வரை நிறுத்தி வைப்பது நல்லது. தாத்தா பாட்டி கோபித்தாலும் பரவாயில்லை.

தமிழ் எழுத்து இதற்குக் குறுக்கே வராது. சனிக்கிழமை தமிழ் வகுப்பை நிறுத்தச் சொல்லி யாராவது புத்தி சொன்னால் காதில் போடாதீர்கள். தமிழ் வடிவம் வேறு, பெயர் வேறு, குழம்ப வழியில்லை. குழப்புவது ஒரே வடிவத்துக்கு இரண்டு பெயர் வைப்பதுதான்.

4. ஒரே எழுத்து, மூன்று உருவம்

கடைப் பலகையில் இருப்பது பெரிய அச்செழுத்து, புத்தகத்தில் சிறிய அச்செழுத்து, கொப்பியில் கூட்டெழுத்து. மூன்றும் ஒன்றே என்று பிள்ளைக்கு விளங்குவதற்குள் நமக்குப் பொறுமை போய்விடும். அச்சில் உள்ள 'எஸ்', 'ஆர்', 'இசட்' மூன்றையும் கூட்டெழுத்தில் பாருங்கள், அடையாளமே தெரியாது.

இதற்குப் பணம் கொடுத்து எதுவும் வாங்க வேண்டாம். தபால்பெட்டியில் வாராவாரம் விழும் சூப்பர்மார்க்கெட் விளம்பரத் தாள்களே போதும். ஒரு எழுத்தைத் தேர்ந்து, தாளில் அது வரும் இடமெல்லாம் வட்டம் போடச் சொல்லுங்கள். பிறகு கூட்டெழுத்தில் நீங்கள் எழுதிய சிறு அட்டையோடு சேர்த்து ஒட்டட்டும். முதலில் பிள்ளையின் பெயரில் வரும் எழுத்துக்கள், பிறகு உயிரெழுத்துக்கள், பிறகு மற்றவை. அகர வரிசையில் போவதால் ஒரு பயனும் இல்லை.

மேல்தடி பி, டி, கீழ்த்தடி பி, கியூ நாலும் ஒன்றைப் புரட்டினால் மற்றொன்று. பிள்ளைகள் மாற்றி எழுதுவதும் கண்ணாடியில் பார்த்ததுபோல் எழுதுவதும் ஐந்தாறு வயதில் சாதாரணம். கூட்டெழுத்தின் நன்மை இங்கேதான் தெரியும்: கையின் புறப்பாடு வேறு. மேல்தடி பி கீழிருந்து வளையமாக மேலே ஏறும், டி உருண்டையில் தொடங்கும். கை பழகினால் கண் குழம்பாது. ஒரே நாளில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வித்தியாசம் விளக்கப் போகாதீர்கள். ஒன்று நன்றாகப் படிந்த பிறகு சில வாரம் கழித்து மற்றது.

5. கொப்பி, பென்சில், செலவு

இந்தக் கோட்டுக்குச் செயெஸ் என்று பெயர். கடையில் 'கிரான் கரோ' என்று கேட்டாலும் தருவார்கள். தடித்த ஊதாக் கோடுகளுக்கு இடையே 8 மில்லிமீட்டர். அதற்குள் மூன்று மெல்லிய கோடு, ஒவ்வொன்றுக்கும் இடையே 2 மில்லிமீட்டர். எழுத்து உட்காருவது தடித்த கோட்டில்.

உயரக் கணக்கு இதுதான். ஏ, ஓ, என் போன்றவை ஒரு மெல்லிய கோடுவரை. டியும் ரீயும் இரண்டுவரை. எல், எச், மேல்தடி பி மூன்றுவரை. கீழே இறங்கும் ஜி, ஜே, கீழ்த்தடி பி ஆகியவை இரண்டு கோடு கீழே. 'டி'யை 'எல்' உயரத்துக்கு இழுக்கப் பழக்குவது நம் வீடுகளில் சர்வசாதாரணம், ஊரில் அப்படித்தான் படித்தோம். இங்கே அது சிவப்புப் பேனையில் திருத்தி வரும்.

தொடக்கத்தில் 2 மில்லிமீட்டர் கோடு மிகச் சிறியது. இடைவெளி 3 மில்லிமீட்டருக்குப் பெரிதாக்கிய செயெஸ் கொப்பி விற்கிறார்கள். எது வேண்டும் என்று ஆசிரியையைக் கேட்காமல் வாங்காதீர்கள், வகுப்புக்கு வகுப்பு மாறும். சாதாரண 17க்கு 22 அளவுக் கொப்பி ஒன்றிரண்டு யூரோ, வெள்ளைச் சிலேட்டும் அழியும் பேனையும் சேர்த்து ஐந்து யூரோவுக்குள் முடிந்துவிடும். பிள்ளையின் விரலுக்கு முக்கோணப் பென்சில் நல்லது. பென்சிலில் மாட்டும் ரப்பர் பிடிகளை எல்லாரும் வாங்குகிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. கழற்றியதும் பழைய பிடி திரும்பிவிடுகிறது.

எழுத்து மாதிரிக்காகவும் புத்தகம் வாங்க வேண்டியதில்லை. கல்வி அமைச்சு 2013-இல் இரண்டு கூட்டெழுத்து வடிவங்களை இலவசமாக வெளியிட்டது. கணினியில் இறக்கி, பிள்ளையின் பெயரை அடித்து அச்செடுக்கலாம். இணையத்தில் கிடைக்கும் ஆங்கிலக் கூட்டெழுத்துத் தாள்களை மட்டும் தொடாதீர்கள். அமெரிக்க வடிவம் வேறு.

பள்ளித் தொடக்கச் செலவுக்கு கஃப் எனும் குடும்பக் கொடுப்பனவு அலுவலகம் ஓகஸ்டில் ஒரு தொகை தருகிறது. வருமான வரம்புக்குள் இருக்க வேண்டும், செல்லுபடியாகும் வதிவிட அட்டை வேண்டும், பிள்ளைக்கு 6 முதல் 18 வயது. 2025-இல் 6 முதல் 10 வயதுப் பிள்ளைக்கு 423 யூரோவும் சில சதமும். ஏற்கெனவே கஃப் கணக்கு இருந்தால் 15 வயதுவரை தானாக வரும். பிள்ளை வயதுக்கு முன்பே சே-பே சேர்ந்தால் பள்ளியில் சேர்ந்ததற்கான சான்றிதழை அனுப்ப வேண்டும்.

6. மேசையும் கையும்

கால் தரையில் படவேண்டும், எட்டாவிட்டால் கீழே ஒரு பெட்டி வையுங்கள். வலக்கைப் பிள்ளைக்குத் தாளின் தலை சற்று இடப்பக்கம் சாயவேண்டும், இடக்கைப் பிள்ளைக்கு வலப்பக்கம். மற்றக் கை தாளைப் பிடித்திருக்க வேண்டும். இந்த ஒன்றைத்தான் தினமும் சொல்ல வேண்டியிருக்கும்.

இடக்கைப் பிள்ளையை வலக்கைக்கு மாற்ற முயல வேண்டாம். சோற்றுக் கை, பீச்சாங்கை வியாக்கியானமெல்லாம் ஊரோடு போகட்டும். இடக்கைப் பிள்ளைக்கு மாதிரி எழுத்தை வரியின் வலப்பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். இடப்பக்கம் எழுதினால் பிள்ளையின் கையே அதை மறைத்துவிடும்.

7. எழுத்து வரிசையும் இணைப்பும்

கையசைவு ஒத்த எழுத்துக்களைச் சேர்த்துப் பழக்குவதே இங்கே வழக்கம். ஆசிரியைக்கு ஆசிரியை சற்று மாறினாலும் ஏறக்குறைய இப்படி வரும்:

- வளையம்: ஈ, எல்
- ஏறி இறங்குவது: ஐ, யூ, ரீ
- உருண்டை: சி, ஓ, ஏ, டி, ஜி, கியூ
- வளைவுப் பாலம்: என், எம், எச், கீழ்த்தடி பி
- தொல்லை கொடுப்பவை: ஆர், எஸ், வி, மேல்தடி பி, எஃப், கே, எக்ஸ், இசட்

பக்கத்தில் விழுந்த எழுத்தைப் பார்க்காதீர்கள், கை போகும் பாதையைப் பாருங்கள். 'ஓ' எழுத்தை எடுங்கள். கடிகாரத்தில் ஒரு மணி இருக்கும் இடத்தில் பென்சில் தொடங்கி, இடப்பக்கமாகச் சுற்றி வந்து அதே இடத்தில் மூடவேண்டும். வலப்பக்கமாகச் சுற்றினாலும் வட்டம் வட்டம்தான், பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அடுத்த எழுத்தோடு சேர்க்கும்போது கை சிக்கிக்கொள்ளும். ஏ, டி, ஜி எல்லாம் அதே உருண்டையில் பிறப்பதால் பிழை ஐந்தாறு எழுத்துக்குப் பரவும். பக்கத்தில் இருந்து பார்த்தாலொழிய இது கண்ணில் படாது. அதனால்தான் 'நீ எழுது, அம்மா சமைத்துவிட்டு வந்து பார்க்கிறேன்' என்பது கூட்டெழுத்துக்குச் சரிவராது.

அடுத்தது இணைப்பு. பெரும்பாலான எழுத்துக்கள் கீழ்க்கோட்டில் முடிந்து அடுத்ததோடு சேரும். ஓ, வி, டபிள்யூ, மேல்தடி பி ஆகியவை மேலே முடியும். நல்லது என்று பொருள்படும் 'போன்' சொல்லில் ஓவிலிருந்து ஒரு சின்னக் கொக்கி மேலாகவே போய் 'என்'னைப் பிடிக்க வேண்டும். பிள்ளை அதைக் கீழே இறக்கிச் சேர்த்தால் ஓ, ஏ ஆகிவிடும். ஆசிரியை 'பான்' என்று வாசிப்பார். இந்த இரண்டெழுத்துச் சேர்க்கைகளைத் தனியாக, வெள்ளைச் சிலேட்டில் பெரிதாக எழுதிப் பழக்குங்கள்.

ஐயின் புள்ளி, ரீயின் குறுக்குக்கோடு, பிரெஞ்சின் சாய்கோடுகள் எல்லாம் சொல் எழுதி முடிந்தபின். நடுவில் கையெடுத்துப் புள்ளி வைத்தால் ஓட்டம் கெடும். பெரிய கூட்டெழுத்துக்களைப் பல வகுப்புகளில் அடுத்த ஆண்டுக்கே தள்ளிவைக்கிறார்கள். அதுவரை வாக்கியத் தொடக்கத்தில் அச்செழுத்துப் போட்டால் போதும், முந்திக்கொள்ள வேண்டாம்.

இலக்கத்திலும் ஒரு கண் வையுங்கள். இங்கே 1-க்கு முன்னால் நீண்ட சாய்கோடு ஏறும். அது நம் கண்ணுக்கு 7 மாதிரி. அதனால் 7-இன் நடுவே குறுக்குக்கோடு போடுவார்கள். நம் வெறுங்கோட்டு 1-ஐ வீட்டில் காட்டாதீர்கள்.

8. எவ்வளவு நேரம்

ஒரு நாளைக்குப் பத்து நிமிடம். அதற்கு மேல் வேண்டாம். தொடக்கப் பள்ளியில் எழுத்து வீட்டுப்பாடம் கொடுப்பதற்கு 1956 முதலே தடை இருக்கிறது. வாசிப்பும் மனனமும் மட்டுமே வீட்டுக்கு வரவேண்டும். எழுத்துவேலை வரவில்லையே, பள்ளியில் ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லையே என்று பதறி, ஒரு சொல்லை ஐம்பது தரம் எழுதவைக்கும் பெற்றோர் நம்மில் அதிகம். ஐந்தாவது வரியிலேயே கை சோர்ந்து எழுத்துக் கோணும். அதன்பின் எழுதும் ஒவ்வொரு வரியும் கோணலுக்கான பயிற்சி. ஒரு வரி எழுதட்டும், அதில் நன்றாக வந்த ஓர் எழுத்தைப் பிள்ளையே தேடி வட்டமிடட்டும். பெரும்பாலான ஊர்களில் புதன்கிழமை பள்ளி இல்லை. சிலேட்டுக்கு நல்ல நாள் அது.

9. ஆசிரியையிடம் கேட்பது

பள்ளிக்கும் வீட்டுக்கும் இடையே ஒரு தொடர்புக் கொப்பி இருக்கும். அதில் ஒட்டிவரும் ஒவ்வொரு தாளிலும் கையெழுத்திட்டு அனுப்புங்கள். சந்திக்க நேரம் கேட்டு அதிலேயே இரண்டு வரி எழுதலாம், பிரெஞ்சில் பிழை வந்தால் யாரும் சிரிக்கமாட்டார்கள். கேட்க வேண்டியது: எந்தக் கோடு, எந்த எழுத்துவடிவம், இந்த மாதம் எந்த எழுத்துக்கள். வகுப்பு மாதிரித் தாளின் பிரதி ஒன்றும் கேளுங்கள். மொழி வராவிட்டால் பெரியவர் ஒருவரைக் கூட்டிப்போங்கள். பிள்ளையையே மொழிபெயர்க்க வைக்காதீர்கள், தனக்கு வசதியானதைத்தான் அது சொல்லும்.

10. சரிவரவில்லை என்றால்

சே-பே நடுப்பகுதியிலும் எழுத்துக்களை இனங்காண முடியவில்லை, அல்லது கொஞ்சம் எழுதினாலே கை வலிக்கிறது என்றால் காத்திருக்க வேண்டாம். முதலில் கண் பரிசோதனை. அதில் குறையில்லை என்றால் குடும்ப வைத்தியரிடம் போய், ஓர்த்தோபோனிஸ்ட் எனும் பேச்சு, எழுத்துப் பயிற்சியாளருக்கு மருந்துச்சீட்டு வாங்குங்கள். தேவைப்பட்டால் தொடர் பயிற்சியும் என்று அதிலேயே எழுதச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் இன்னொரு நடை. அரச காப்புறுதி 60 சதவீதம் தரும், மிச்சம் மியூச்சுவல் எனும் உங்கள் மேலதிகக் காப்புறுதி. வருமானம் குறைந்தவர்களுக்கான இலவச மேலதிகக் காப்புறுதி இருந்தால் கைப்பணம் எதுவும் இல்லை. சிக்கல் காத்திருப்பில்தான்: பல இடங்களில் மாதக்கணக்கு. ஒரே இடத்தில் பெயர் கொடுத்துவிட்டு இருக்காமல் பல இடங்களில் பதிந்து வையுங்கள். இடம் கிடைத்ததும் மற்றவர்களுக்குச் சொல்லி நீக்கிவிடுங்கள்.

சிக்கல் கையசைவில்தான் என்றால் எர்கோதெராப்பிஸ்ட் எனும் தொழில்வழிச் சிகிச்சையாளரிடம் அனுப்புவார்கள். தனியார் நிலையத்தில் அதற்குக் காப்புறுதி பொதுவாகப் பணம் தராது. போகுமுன் விலைச்சீட்டு எழுத்தில் கேளுங்கள், மியூச்சுவல் ஏதாவது தருமா என்றும் பாருங்கள். பள்ளி உளவியலாளரும் பள்ளி வைத்தியரும் இலவசம். தலைமையாசிரியைக்குக் கடிதம் எழுதித்தான் கேட்கவேண்டும்.

அறிக்கை கையில் வந்தபின் இரண்டு வழி. வகுப்பில் கூடுதல் நேரம், பெரிய கோட்டுத் தாள், குறைந்த எழுத்துவேலை போன்றவை போதும் என்றால் 'பாப்' எனும் திட்டம். பள்ளி வைத்தியரின் கருத்தோடு பள்ளியே செய்துவிடும். கூடவே ஓர் உதவியாளரோ கணினியோ வேண்டும் என்றால் எம்.டே.பே.ஆஷ் எனும் மாற்றுத்திறனாளிகள் அலுவலகத்துக்கு விண்ணப்பம்: படிவம், வைத்தியச் சான்றிதழ், அடையாளப் பத்திரம், முகவரிச் சான்று, ஓர்த்தோபோனிஸ்ட் அறிக்கை. எல்லாவற்றிலும் பிரதி வைத்துக்கொண்டு பதிவுத் தபாலில் அனுப்புங்கள். நான்கு மாதத்தில் பதில் வராவிட்டால் மறுத்ததாகவே கணக்கு, அதன்பின் மேன்முறையீட்டுக்கு இரண்டு மாதம்தான். நாளைக் கணக்கிடத் தபால் ரசீது வேண்டும், அதைத் தொலைத்துவிடாதீர்கள்.